சர்க்கரைக் கால், அடங்காத கிருமி

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். நான்கே நாளில், 18ஆம் தேதி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய உலக விழிப்புணர்வு வாரம் தொடங்கிவிடும். முதலாவதற்கு நடைப்பயணமும் இலவச சுகர் டெஸ்ட் முகாமும் நடக்கும். இரண்டாவதற்கு மருத்துவக் கல்லூரிகளில் சுவரொட்டிப் போட்டியும் கை கழுவும் செயல்விளக்கமும். பேனர் வேறு, மேடை வேறு, பேசுகிற டாக்டர்களும் வேறு வேறு துறை.

கடலூர் மாவட்டத்துக்கு அந்த நாட்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். புவனகிரியிலும் காட்டுமன்னார்கோவிலிலும் சம்பா வயல் சேறாகக் கிடக்கும். வீராணம் ஏரியின் நீர்மட்டம் நாளிதழில் தினசரிச் செய்தியாகும். கடலூர் ஓ.டி. என்கிற முதுநகரின் தாழ்வான தெருக்களில் சாக்கடையும் மழைநீரும் ஒன்றாக ஓடும். அந்தத் தண்ணீரில் செருப்பில்லாமல் இறங்குகிற கால்களில் சர்க்கரை உள்ளவர்களின் கால்களும் உண்டு. மரத்துப்போன விரலில் ஒரு முள் ஏறும், வலி தெரியாது. நாலு நாள் கழித்துச் சீழ் பிடித்த பிறகு மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். வாரம் ஆகியும் ஆறாவிட்டால் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரிக்கோ வண்டி பிடிப்பார்கள். அங்கேதான் அந்த இரண்டு பேனர்களும் ஒரே கட்டிலில் சந்திக்கின்றன.

அந்தச் சந்திப்பு கட்டிலுக்கு வருமுன் ஊருக்குள்ளேயே நடந்தாக வேண்டும். சர்க்கரையைக் கண்டுபிடிக்க ஊருக்குள் போகிற நம் சுகாதாரத் துறை, கிருமியைக் கண்டுபிடிக்க மட்டும் நோயாளி தன்னைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கிறது.

ஒரு அளவு நாடா போதும்

சர்க்கரையைப் பற்றி நம்மிடம் எண்களுக்குப் பஞ்சமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையோடு சேர்ந்து 2008இல் தொடங்கிய இண்டியாப் ஆய்வின் முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. இருபது வயதைத் தாண்டியவர்களில் 10.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, நகரத்தில் 13.7, கிராமத்தில் 7.8. நாடு முழுவதையும் சுற்றி முடித்து 2023இல் வெளியான அறிக்கை, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் சொன்னது. மாநிலவாரிப் பட்டியலில் கோவா முதலிடம், 26.4 சதவீதம். அடுத்தது புதுச்சேரி, 26.3. கடலூர்க்காரர்கள் டவுன் பஸ் ஏறிப் போய்வருகிற ஊர் அது. எல்லைக் கோடு இரண்டு அரசாங்கங்களுக்குத்தான். சோறும் சாம்பாரும் பைக்கும் டிவியும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ரத்தம் எடுக்காமலே ஒருவருக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பை மதிப்பிட ஒரு வழி சென்னையில் பிறந்தது. 2001இல் தொடங்கிய ஒரு நகர ஆய்வில் 26,001 பேரைப் பார்த்த டாக்டர் வி. மோகன் குழுவினர், அந்த விவரங்களை வைத்து 2005இல் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கே விஷயம். நூற்றுக்கு அறுபதும் அதற்கு மேலும் வாங்கினால் அபாயம் அதிகம். தேர்வில் குறைய வேண்டிய மதிப்பெண் இது ஒன்றுதான்!

சிதம்பரம் மேலவீதியில் கடை வைத்திருக்கும் 52 வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயதுக்கு 30. இடுப்பு 94 சென்டிமீட்டர், அதற்குப் 10. காலையிலிருந்து இரவு வரை கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார், நடைப்பயிற்சியும் கிடையாது, அதற்கு 30. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, இன்னொரு 10. மொத்தம் 80. அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆகவே எந்த மருத்துவமனைக்கும் போயிருக்க மாட்டார். நாளைக் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் சர்க்கரை 126 மில்லிகிராமைத் தாண்டியிருக்கவும் கூடும். இந்தக் கணக்கு எல்லாரையும் பிடித்துவிடாது. அறுபதை எல்லையாக வைத்தால் சர்க்கரை உள்ளவர்களில் 72.5 சதவீதம் பேர் மாட்டுவார்கள், மீதிப் பேர் நழுவிவிடுவார்கள் என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு டெய்லர் டேப்பை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே வடிகட்டிவிடலாம் என்பது லேசான காரியமில்லை. சமூக மருத்துவத் துறை மாணவர்கள் வீடு வீடாகப் போய் இதைக் கேட்டுக் குறித்து வருவது இன்று தமிழக மருத்துவக் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் முன்பு இருந்த இடைவெளி குறைந்துவருவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். நாற்று நட இயந்திரம், அறுக்க இயந்திரம், அரை கிலோமீட்டர் போக பைக். தட்டில் மட்டும் சோற்றின் அளவு பழையபடியே இருக்கிறது. 2025இல் இண்டியாப் குழு வெளியிட்ட உணவு ஆய்வின்படி இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது.

மாத்திரை போகாத விரல்

சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஏன் ஆறுவதில்லை என்பதற்கு ஒரே பதில் இல்லை, மூன்று உண்டு. நீண்ட நாள் ஏறிக் கிடக்கும் சர்க்கரை பாத நரம்புகளை மந்தமாக்குகிறது. அதனால் காயம் பட்டதே தெரிவதில்லை. ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல் நுனிக்கு ரத்தம் குறைகிறது. கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் சுறுசுறுப்பை இழக்கின்றன. இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. மாத்திரை வயிற்றுக்குள் போனால் தானாகப் புண்ணுக்குப் போய்ச் சேராது, ரத்தம்தான் அதைச் சுமந்து போக வேண்டும். ரத்தம் போகாத விரலுக்கு எவ்வளவு வீரியமான ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொஞ்சம்தான் எட்டும். அந்தக் கொஞ்சத்தில் கிருமி சாவதில்லை, பழகிக்கொள்கிறது.

நெல் விவசாயிகளுக்கு இது புதிய பாடமில்லை. புகையான் பூச்சிக்கு அடித்த மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் இரண்டு மூன்று போகத்தில் அந்த மருந்துக்கு மசியாத புகையான்தான் வயலில் மிஞ்சும். தப்பிப் பிழைத்ததுதான் முட்டையிட்டுப் பெருகுகிறது. பாக்டீரியாவிடம் கூடுதலாக ஒரு வித்தை உண்டு. மருந்தை முறிக்கும் மரபணுவைத் தன் சந்ததிக்கு மட்டுமல்லாமல், பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் அதனால் கைமாற்ற முடியும்.

ஆறாத புண்ணோடு அலைகிறவருக்கு மாதத்துக்கு ஒரு டாக்டர், டாக்டருக்கு ஒரு மருந்து என்று ஆகிவிடுகிறது. ஒவ்வொரு மருந்தும் எளிய கிருமிகளைக் கொன்று முரட்டுக் கிருமிகளுக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. தொற்று இருக்கும்வரை சர்க்கரையும் இறங்காது, சர்க்கரை இறங்காதவரை தொற்றும் போகாது. கிருமி தொற்றாத வெறும் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை, சுத்தம் செய்து பாரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. நம்மூரில் மாத்திரை எழுதித் தராத டாக்டருக்கு நல்ல பெயர் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

காசநோயும் இதே வரிசையில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் காசநோய் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 25.3 சதவீதம் பேருக்கு, நீரிழிவு இருந்தது. இருமல் வேறு வார்டு, சர்க்கரை வேறு வார்டு என்று பிரித்து வைத்திருப்பது நம் வசதிக்காகத்தான்.

மில்லிமீட்டரில் ஒரு தீர்ப்பு

புண்ணில் இருக்கும் கிருமி எந்த மருந்துக்குச் சாகும் என்று கண்டுபிடிக்கும் முறை ஒன்றும் ரகசியமில்லை. மக்கள் இதைக் ‘கல்ச்சர்’ என்பார்கள். சீழை எடுத்து வளர்தட்டில் தேய்த்து இரவு முழுக்க வெதுவெதுப்பில் வைத்தால் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைக்கும். அவற்றை இனம் கண்டு, உப்பு நீரில் குறிப்பிட்ட அளவுக்குக் கலங்கலாகக் கரைத்து, இன்னொரு தட்டு முழுக்கப் பூசுவார்கள். அதன்மேல் வெவ்வேறு மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வட்டுகளை வைத்து 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விடுவார்கள். மருந்து வேலை செய்யும் இடத்தில் வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிவாக ஒரு வளையம் விழும். அந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் மருந்து கேட்குமா கேட்காதா என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். கிர்பி, பாயர் குழுவினர் 1966இல் ஒழுங்குபடுத்திய இந்த முறைதான் இன்றும் உலகின் பெரும்பாலான ஆய்வகங்களுக்குச் சோறு போடுகிறது.

ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் ஊகத்தில்தான் மருந்து கொடுக்க வேண்டும், அதில் தவறில்லை. தவறு வேறிடத்தில் இருக்கிறது. நாலு நாள் ஆன்டிபயாடிக் போட்டுப் பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்றானதும் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். அப்போது தட்டில் பல நேரம் எதுவுமே முளைக்காது; மருந்தில் கிருமி பாதி செத்து, பாதி ஒளிந்துகொண்டிருக்கும். இன்னொன்று, புண்ணின் மேலே பஞ்சால் ஒற்றி எடுத்த சீழில் தோலில் சும்மா குடியிருக்கும் கிருமிகளும் சேர்ந்து வரும். புண்ணைக் கழுவிவிட்டு ஆழத்திலிருந்து துளி சதை எடுத்தால்தான் உண்மையான குற்றவாளி சிக்கும். ஆய்வகம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அதன் வாசலுக்கு வந்து சேரும் சாம்பிளைத் தாண்டி அதனால் எதையும் பார்க்க முடியாது.

மேலைநாட்டுப் பாடப் புத்தகங்கள் சர்க்கரைப் புண்ணில் முதலில் தேடச் சொல்வது ஸ்டஃபைலோகாக்கஸை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சூடோமோனாஸ், ஈ.கோலி, கிளெப்சியெல்லா ஆகியவை அதற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ கிடைக்கின்றன. இந்த மூன்றும் மருந்தை முறிப்பதில் கைதேர்ந்தவை. லண்டன் புத்தகத்தைப் பார்த்து மருந்து எழுதினால் புவனகிரிக்காரர் புண் ஆறாது.

சென்னை அடித்த மணி

மருந்துக்கு அடங்காத கிருமிகளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே முறித்துப்போடும் என்.டி.எம்.-1 என்ற நொதியைச் சுமக்கும் கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்தன என்று அது சொன்னது. அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்தும் புதுடெல்லியைக் குறித்ததால் நாடாளுமன்றம் வரை கொந்தளிப்பு. கிருமியைவிட அதன் பெயருக்காக நாம் அதிகம் கோபப்பட்டோம். அடுத்து 2012இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற செயல்திட்டத்தை முன்வைத்தன. 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. 46 மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு, யார் எழுதி, எவ்வளவு விற்றோம் என்பதைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டை யாராவது உட்கார்ந்து படித்தால் ஒரு தாலுகாவில் எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அது இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்கான நோட்டாகவே இருந்துவிட்டுப் போகிறது.

2019ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமான சாவுகள் 12.7 லட்சம். இந்தியாவில் மட்டும் சுமார் 2.97 லட்சம்.

வயலில் குடியிருக்கும் ஒன்று

சர்க்கரையும் அடங்காத கிருமியும் சேருமிடத்துக்கு மெலியாய்டோசிஸைப் போல் இன்னொரு உதாரணம் கிடைக்காது. இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட நோயாளி குறைவு. கேள்விப்பட்டும் கண்ணால் பார்க்காத டாக்டர்களும் இருப்பார்கள். பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, குறிப்பாக நெல் வயலில். கால் வெடிப்பு வழியாகவோ மழைக்காற்றோடு மூச்சு வழியாகவோ உள்ளே போகும். நிமோனியா, கல்லீரலில் மண்ணீரலில் சீழ்க்கட்டி, மூட்டில் சீழ் என்று எந்த வேடமும் போடும். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் அதற்கான மருந்தைக் கொடுத்து ஏமாந்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு.

1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையின் பிணவறையில் இதை முதலில் அடையாளம் கண்டவர்கள் ஆல்ஃபிரெட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும். அடுத்த ஆண்டு இந்தியன் மெடிக்கல் கெசட்டில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. ‘விட்மோர் நோய்’ என்றுதான் உலகம் வெகுநாள் அழைத்தது. கிருஷ்ணசாமியின் பெயர் அடிக்குறிப்போடு நின்றுபோனது.

இந்த நோய் வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. அதைப் போல இந்த நோயை வரவழைக்கும் வேறு காரணம் இல்லை. மழைக்காலத்தில் அதிகம் வரும், புயலுக்கும் வெள்ளத்துக்கும் பின்னால் இன்னும் அதிகம். வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் இந்த நோயாளிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருகின்றன. நெல், மழை, புயல், சர்க்கரை நான்கும் கடலூர் மாவட்டத்தில் தாராளம். 2011 டிசம்பர் 30 தானே புயலும் 2015 வெள்ளமும் இங்கே மறக்கிற விஷயங்களா?

இந்தக் கிருமியின் எதிர்ப்பு மருத்துவமனையில் கற்றுக்கொண்டதல்ல, பிறவிக் குணம். பென்சிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின், கோலிஸ்டின் எதற்கும் பொதுவாக அசைவதில்லை. நிமோனியா என்று வருகிறவருக்கு வழக்கமாகப் போடும் மருந்துகள் பல இதனிடம் வீண். செஃப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது பத்துப் பதினான்கு நாள் ஊசியாகப் போட்டு, பிறகு மூன்று மாதத்துக்குக் குறையாமல் கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

ஆய்வகத்தில் இதை எப்படித் தவறவிடுகிறார்கள்? தட்டில் முளைக்கும்போது பார்வைக்குச் சூடோமோனாஸ் போலவே இருக்கும். ‘ஏதோ சூடோமோனாஸ் இனம், வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்’ என்று எழுதி ஒதுக்கிவிடுவது உலகம் முழுக்க நடக்கிற பிழை. பிடிப்பதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஜென்டாமைசின் வட்டையும் கோலிஸ்டின் வட்டையும் சட்டை செய்யாமல், அமாக்சிசிலின்-கிளாவுலானேட் வட்டுக்கு மட்டும் வளையம் விட்டுப் பின்வாங்கினால் சந்தேகப்பட வேண்டும், மேற்கொண்டு உறுதிசெய்துகொள்ளலாம். மருந்தை எதிர்க்கிற குணமே இங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. மூன்று காகித வட்டும் பழகிய ஒரு கண்ணும் போதும்.

2016இல் வெளியான ஒரு மதிப்பீடு, உலகில் ஆண்டுக்கு 1.65 லட்சம் பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்றது. தேடினால்தான் கிடைக்கும் நோய் இது. ஒரு மாவட்டத்தில் நோயாளிகளே இல்லை என்றால், தேடிப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறோமா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இறாலும் கடலும்

ஆன்டிபயாடிக் மனிதர்கள் மட்டும் சாப்பிடுவதல்ல. கோழிப் பண்ணைகளில் தீவனத்தோடு போன கோலிஸ்டினை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. வெள்ளாற்று முகத்துவாரத்திலும் கிள்ளைப் பக்கமும் உப்பங்கழியை ஒட்டி இறால் குட்டைகள் இருக்கின்றன. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளுக்கு இறால் வளர்ப்பில் தடை உண்டு. ஏற்றுமதிச் சரக்கில் இவை எள்ளளவு இருந்தாலும் ஐரோப்பாக்காரன் கன்டெய்னரைத் திருப்பி அனுப்புவான். உள்ளூர் மீன் கடையில் அப்படித் திருப்பி அனுப்ப ஆள் கிடையாது.

அதே முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடற்பாசியிலும் பிச்சாவரம் அலையாத்திச் சேற்றின் நுண்ணுயிர்களிலும் கிருமியைக் கொல்லும் பொருள் கிடைக்குமா என்று அங்கே நெடுங்காலமாகத் தேடிவருகிறார்கள். அடங்காத கிருமியும் அதை அடக்கும் மருந்தும் ஒரே சேற்றில் கிடைக்கலாம். ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்ற பொருள் மாத்திரையாக மருந்துக்கடைக்கு வருவதற்குள் பத்துப் பதினைந்து ஆண்டுகளும் பெரும் பணமும் கரைந்துவிடும். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஒரு தாள்

இருக்கிற மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்த எந்த ஊரில் எந்தக் கிருமி எதற்கு அடங்குகிறது என்று தெரிய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய கண்காணிப்பு வலைப்பின்னல் ஆண்டுதோறும் அறிக்கை தருகிறது. அதற்குத் தரவு தருபவை பெரும்பாலும் வேலூர், ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகள். பல டாக்டர்களைப் பார்த்து, பல மருந்து தின்று, கடைசியில் அங்கே வந்து விழுந்தவர்களின் கிருமி அது. முட்லூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல் நாள் புண்ணோடு வருகிறவரின் கிருமி அவ்வளவு முரடாக இருக்க வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனைக் கணக்கைப் பார்த்துச் சின்ன ஊரில் வீரியமான மருந்து எழுதினால், இல்லாத எதிர்ப்பை நாமே வளர்த்துவிடுவோம்.

கேரளம் 2018இலேயே மாநில அளவில் தனிச் செயல்திட்டம் வகுத்தது. தன் ஆய்வகங்களின் முடிவுகளைத் தொகுத்து மாநிலத்துக்கென்று எதிர்ப்புப் பட்டியலும் வெளியிட்டுவருகிறது. தமிழ்நாட்டிடம் அதைவிட நல்ல கால்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்க ‘பாதம் பாதுகாப்போம்’ என்று அரசே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. பாதத்தைப் பார்க்கும்போது ஆறாத புண் இருந்தால், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வது அந்தச் சங்கிலியில் இன்னும் ஒரே ஒரு கண்ணி. சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்தில் கல்ச்சர் செய்யும் வசதி இருக்காது, தேவையும் இல்லை. குளிர்பெட்டியில் வைத்து அன்றே அனுப்ப ஒரு வண்டி போதும். மாவட்டத்துக்குள் எந்த மூலையிலிருந்தும் சிதம்பரம் ஒரு நாள் பயணமில்லை.

அங்கே 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கைக்கு வந்த கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டம் முழுவதிலுமிருந்து சாம்பிள் வந்து சேர்ந்தால், ஓராண்டில் சர்க்கரைப் புண்களில் முளைத்த கிருமிகள் எவை, எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் அடங்கின என்ற பட்டியல் ஒரே தாளில் அடங்கிவிடும். அதை அச்சடித்துப் புவனகிரி, கிள்ளை, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோவில் டாக்டர்களின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கப் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். அந்தச் சுற்றறிக்கையைச் சம்பா அறுவடைக்குள் அனுப்பிவிடலாம்.